எந்தப் பகுதியில் எந்த நொதி? மூளையின் சமிக்ஞை நொதி மரபணுக்களைப் படிக்கும் முறை

சென்னையில் உயிர்த்தொழில்நுட்பம் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சமிக்ஞை கடத்தும் நொதிகளின் மரபணுக்கள் மூளையின் பல்வேறு பகுதிகளில் எப்படி வெளிப்படுகின்றன என்பது என் ஆய்வேட்டின் தலைப்பு. பொதுத் தரவுத்தளங்களிலிருந்து மரபணுக்களை எடுத்து, சிவப்பு நீல வண்ணப்படம் போட்டிருக்கிறேன். சில மரபணுக்கள் ஒரே ஒரு பகுதியில் மட்டும் அடர்சிவப்பாக இருக்கின்றன. சில எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கின்றன. சிறுமூளை எதனோடும் சேராமல் தனியே நிற்கிறது. எந்தப் பகுதியில் வெளிப்பாடு அதிகமோ, அந்தப் பகுதிக்கு அந்த நொதி முக்கியம் என்று எழுதலாமா?"

அப்படியே எழுதிவிட வேண்டாம். அந்த வாக்கியம் ஸ்ட்ரயேட்டத்துக்கு, அதாவது மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் பகுதிக்கு, ஏறக்குறையப் பொருந்தும். சிறுமூளைக்குப் பாதிதான் பொருந்தும். பார்க்கின்சன் நோய் சார்ந்த மரபணுக்களுக்கு வந்தால் காலை வாரிவிடும். உங்கள் அட்டவணையின் ஒரு கட்டத்தில் இருக்கும் எண், எண்ணற்ற உயிரணுக்களை ஒன்றாக அரைத்து எடுத்த சராசரி. அது நொதியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அந்தத் திசுத் துண்டில் எந்த வகை உயிரணு எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு சிவப்புக் கட்டத்தையும் பார்த்து, இது எந்த உயிரணு என்று முதலில் கேளுங்கள். இதன் புரதம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று அடுத்துக் கேளுங்கள். இதோடு சேர்ந்து ஏறி இறங்கும் மற்ற நொதிகள் எவை என்பதையும் பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் அதிகம் தரும். அதைக் கேட்பவர்கள் குறைவு.

ஒரே வேலைக்கு இத்தனை மரபணுக்கள் எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். டோபமைனோ அடினோசினோ நரம்பணுவின் ஏற்பியில் வந்து இணைந்ததும், உள்ளே அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதி முடுக்கப்படுகிறது அல்லது அடக்கப்படுகிறது. ஏடிபியிலிருந்து சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறைச் செய்வது அதன் வேலை. பாஸ்போடைஎஸ்டரேஸ் அதைச் சிதைக்கிறது. சைக்ளிக் ஏஎம்பி உயிரோடு இருக்கும் அந்த இடைவெளியில் புரதக் கைனேஸ் ஏ விழித்துக்கொண்டு மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, பாஸ்படேஸ்கள் அதைக் கழற்றுகின்றன. வேதிவினை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் மனிதரிடம் சவ்வில் பதிந்த அடினைலில் சைக்ளேஸ்களே 9 இருக்கின்றன, கரையும் வகை ஒன்று தனி. பாஸ்போடைஎஸ்டரேஸ்களுக்கு 11 குடும்பங்களில் 21 மரபணுக்கள். கைனேஸ்களை 2002இல் கணக்கெடுத்தபோது 518 வந்தது.

வினை ஒன்றுதான். அதை முடுக்குவதும் அடக்குவதும்தான் வேறு வேறு. அடினைலில் சைக்ளேஸ் வகைகளை ஏடிசிஒய் என்ற பெயரோடு எண் சேர்த்துக் குறிப்பார்கள். ஏடிசிஒய்1, ஏடிசிஒய்8 ஆகிய இரண்டையும் கால்சியம், கால்மாடுலின் என்ற புரதத்தின் வழியாக முடுக்குகிறது. ஏடிசிஒய்5, ஏடிசிஒய்6 இரண்டையும் அதே கால்சியம் அடக்குகிறது. இப்போது இவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கால்சியம் பாய்ந்தவுடன் அதை நீண்டகால மாற்றமாக ஆக்க வேண்டிய, நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸில் 1ம் 8ம் இருக்கின்றன. சுண்டெலியில் இரண்டையும் சேர்த்து நீக்கினால் நீண்டகால நினைவு கெடுகிறது, ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. ஸ்ட்ரயேட்டத்தில் ஆட்சி ஏடிசிஒய்5இன் கையில். ஆக, ஒரு பகுதி எந்த வகையை வைத்திருக்கிறது என்பது, அந்தப் பகுதி எந்தச் செய்திக்குச் செவிசாய்க்கிறது என்பதையே காட்டுகிறது. உங்கள் தலைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆய்வேட்டின் முன்னுரையில் இதைச் சொல்லிவிட்டுப் பிறகு படத்துக்குப் போங்கள்.

ஸ்ட்ரயேட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூளையில் சமிக்ஞை நொதிகளின் பரவலைப் படிக்க இதைவிடத் தெளிவான இடம் கிடையாது. உங்கள் படத்தில் ஸ்ட்ரயேட்டத்தின் பகுதிகளான காடேட், புட்டாமென், நியூக்ளியஸ் அக்கும்பன்ஸ் என்ற மூன்று பத்திகளிலும் ஒன்றாகச் சிவந்திருப்பவை அநேகமாக இவையாக இருக்கும்: பாஸ்போடைஎஸ்டரேஸ்களான பிடிஇ10ஏ, பிடிஇ1பி, சைக்ளேஸான ஏடிசிஒய்5, டைரோசின் பாஸ்படேஸான பிடிபிஎன்5. நொதியல்லாத ஆனால் அவற்றோடு ஒட்டிப் பிறந்த பிபிபி1ஆர்1பி என்பதும் கூட இருக்கும். பழைய நூல்களில் டார்ப்-32 என்று வருவது இதுதான். பால் கிரீன்கார்டுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்ததற்குப் பின்னால் இருந்த வேலைகளில் இந்தப் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஏற்பியின் செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதத்தின் ஆல்ஃபா துணையலகைத் தரும் ஜிஎன்ஏஎல் மரபணுவும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

இவை ஒன்றாகச் சிவப்பதற்கு எளிய காரணம் உண்டு. எலி வகைகளின் ஸ்ட்ரயேட்டத்தில் நரம்பணுக்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஒரே வகை, நடுத்தர முள் நரம்பணுக்கள். மற்றப் பகுதிகளில் பல வகை நரம்பணுக்கள் கலந்திருப்பதால் தனித்தன்மை சராசரியில் கரைந்துபோகும். இங்கே கரைவதற்கு இடமில்லை. எனவே ஸ்ட்ரயேட்டத்தின் எண்ணை அந்த உயிரணுவின் எண்ணாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வாக்கியம் இங்கே ஏறக்குறையப் பொருந்தும் என்று நான் சொன்னது அதனால்தான்.

நோய்களும் அதை உறுதிப்படுத்துகின்றன. ஏடிசிஒய்5இல் சில பிறழ்வுகள் நொதியை அளவுக்கு மீறி வேலை செய்ய வைக்கின்றன, சைக்ளிக் ஏஎம்பி கூடுகிறது. குழந்தைப் பருவத்திலேயே கை, கால், முகம் தாமாகத் துள்ளும் இயக்கக் கோளாறு வருகிறது. இந்த மரபணுவுக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 2012இல் வெளியானது. பிடிஇ10ஏயில் அதன் திறனைக் குறைக்கும் பிறழ்வுகள் 2016இல் தெரியவந்தன. சிதைக்கும் நொதி தளர்ந்தால் சைக்ளிக் ஏஎம்பி தேங்குகிறது. அங்கேயும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கொரியா, அதாவது கட்டுக்கடங்காத அசைவுகள். செய்யும் நொதி மிகையானாலும் சிதைக்கும் நொதி குறைந்தாலும் ஒரே உயிரணுவில் ஒரே பக்கமாகத்தான் தராசு சாய்கிறது. இரண்டு மரபணுக்களும் ஒரே பத்தியில் சேர்ந்து சிவந்திருப்பதைப் பார்த்தவருக்கு இந்த ஒற்றுமை வியப்பாக இருக்காது. ஜிஎன்ஏஎல்லின் பிறழ்வுகள் டிஸ்டோனியாவை, அதாவது தசைகள் தாமாக இறுகி முறுக்கும் நிலையை, தருகின்றன. அதுவும் இயக்கக் கோளாறுதான்.

ஏடிசிஒய்5 பற்றிப் பேசும்போது ஒரு சிறுவனின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபில்டர் காபியோடு விடியும் நம் ஊரில் இதை வகுப்பில் சொன்னால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும். பாரிஸில் இந்த நோய் உள்ள 11 வயதுச் சிறுவனுக்குக் காலையிலும் மாலையிலும் எஸ்பிரெஸோ கொடுத்தபோது அசைவுகள் ஏறக்குறைய நின்றன. பிறகு பெற்றோர் கவனிக்காமல் காஃபீன் நீக்கிய காபியை வாங்கிவிட்டார்கள். அசைவுகள் திரும்பின. பழைய காபிக்கு மாறியதும் மீண்டும் அடங்கின. 2019இல் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். யாரும் திட்டமிடாமலே, என்ன கொடுக்கப்படுகிறது என்று தெரியாத சோதனை போல அது அமைந்துவிட்டது. பின்னர் 30 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்விலும் பெரும்பாலோருக்குக் காஃபீன் பலன் தந்திருந்தது.

இந்தக் கதையின் மதிப்பு, அது வெளிப்பாட்டு வரைபடத்தோடு அப்படியே பொருந்துவதில் இருக்கிறது. காஃபீன் அடினோசின் ஏ2ஏ ஏற்பியை அடைக்கிறது. மூளையில் அந்த ஏற்பி மிகச் செறிவாக இருக்கும் இடம் ஸ்ட்ரயேட்டம். அங்கே அது ஜிஎன்ஏஎல் தரும் ஜி புரதத்தின் வழியாக ஏடிசிஒய்5ஐ முடுக்குகிறது. ஏற்பி, ஜி புரதம், சைக்ளேஸ் மூன்றும் ஒரே உயிரணுவில் வரிசையாக நிற்கின்றன. மேலே ஏற்பியை அடைத்தால் கீழே மிகையாக ஓடும் நொதி தணிகிறது. ஏடிசிஒய்5 இதயத்திலும் நன்றாக வெளிப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆனாலும் நோயின் முகம் இயக்கக் கோளாறாகவே இருக்கிறது. நான் படித்தவரை, சுண்டெலியில் இந்த ஒரு மரபணுவை நீக்கினால் ஸ்ட்ரயேட்டத்தின் அடினைலில் சைக்ளேஸ் செயல்பாட்டில் பெரும்பகுதி போய்விடுகிறது என்பதுதான் இதற்குச் சரியான விளக்கம். இதயத்தில் ஏடிசிஒய்6ம் கூடவே இருக்கிறது, ஸ்ட்ரயேட்டத்தில் மாற்றாள் இல்லை. முக்கியத்துவத்தைத் தீர்மானிப்பது வெளிப்பாட்டின் உயரம் மட்டுமல்ல, அருகில் மாற்றாள் இருக்கிறாரா என்பதும்தான்.

இதே ஸ்ட்ரயேட்டம்தான் எச்சரிக்கையும் தருகிறது. பிடிஇ10ஏ 1999இல் கண்டறியப்பட்டபோது, இவ்வளவு துல்லியமாக ஒரே பகுதியில் செறிந்த நொதி என்பதால் மருந்து நிறுவனங்கள் அதன்மேல் பெரும் நம்பிக்கை வைத்தன. அதைத் தடுக்கும் மருந்துகள் ஸ்கிட்சோஃப்ரீனியாவிலும் ஹன்டிங்டன் நோயிலும் சோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஒரு முக்கியமான காரணமாகச் சொல்லப்படுவது இது: நடுத்தர முள் நரம்பணுக்களில் இரண்டு கூட்டங்கள் உண்டு. ஒன்றில் டோபமைன் டி1 ஏற்பி, சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றுகிறது. மற்றதில் டி2 ஏற்பி, அதை இறக்குகிறது. ஒன்று அசைவை முடுக்கும் பாதை, மற்றது அடக்கும் பாதை. பிடிஇ10ஏ இரண்டிலும் இருக்கிறது. தடுத்தால் இரண்டிலும் சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது. முடுக்கியையும் தடையையும் சேர்த்து அழுத்தியதாக ஆகிறது. உங்கள் வண்ணப்படத்தில் இந்த இரண்டு கூட்டங்களும் ஒரே சிவப்புக் கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே அந்தக் கட்டத்தின் அடியில், இது இரண்டு பாதைகளின் கூட்டுத்தொகை என்று ஒரு குறிப்பு போடுங்கள்.

இனி புரதம் எங்கே போகிறது என்ற கேள்வி. படத்தை விட்டுவிட்டு ஒருமுறை மூளைச் சீவலை, அதாவது மெல்லியதாக வெட்டிய மூளைத் துண்டை, பாருங்கள். சியாட்டிலில் உள்ள ஆலன் மூளை அறிவியல் நிறுவனம் சுண்டெலி மூளையில் ஏறத்தாழ 20,000 மரபணுக்களுக்குத் தூது ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்வதற்கான மரபணுவின் நகலை, சாயமேற்றிப் படமெடுத்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பிடிஇ10ஏயைத் தேடி, மூளையின் முன்பகுதியில் குறுக்காக வெட்டிய சீவலைத் திறந்து பெரிதாக்குங்கள். ஸ்ட்ரயேட்டம் முழுதும் கருநீல ஊதாப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு நரம்பணுவின் உடல். நடுநடுவே வெறுமையாக வட்டத் திட்டுகள் தெரியும். அவை ஸ்ட்ரயேட்டத்தைத் துளைத்துக்கொண்டு போகும் நரம்பு நார்க் கற்றைகள். அங்கே நரம்பணு உடல் இல்லாததால் சாயமும் இல்லை. கீழே அக்கும்பன்ஸும் முகர்வு முண்டும் அதே நிறத்தில் தொடர்கின்றன. மேலே பெருமூளைப் புறணி வெளிறிக் கிடக்கிறது. சற்றுப் பின்னால் உள்ள சீவலுக்குப் போனால், ஸ்ட்ரயேட்டத்தை ஒட்டியே இருக்கும் குளோபஸ் பாலிடஸில் சாயம் சட்டென்று நின்றுபோகிறது. எல்லைக்கோடு போட்டது போல இருக்கும்.

இப்போது அதே இடத்தை, தூது ஆர்என்ஏவுக்குப் பதிலாகப் பிடிஇ10ஏ புரதத்துக்கான எதிர்ப்பொருளால் சாயமேற்றிய படத்தில் பாருங்கள். வெறுமையாக இருந்த குளோபஸ் பாலிடஸில் இப்போது நல்ல சாயம். இன்னும் பின்னால், நடுமூளையில் கருந்திட்டின் (சப்ஸ்டான்ஷியா நைக்ரா) வலைப்பகுதியிலும் சாயம். நடுத்தர முள் நரம்பணுக்களின் ஆக்ஸான்கள், அதாவது செய்தியைக் கொண்டுபோகும் நீண்ட நார்கள், போய் முடியும் இடங்கள் இவையே. தூது ஆர்என்ஏ உயிரணு உடலில் இருக்கிறது, அங்கே செய்யப்பட்ட புரதம் ஆக்ஸான் வழியாகத் தொலைவுக்கு அனுப்பப்படுகிறது. குழாயில் வரும் தண்ணீரை வைத்து வீராணம் ஏரி சென்னைக்குள் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். அது கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது, இங்கே அதன் தண்ணீர் வருகிறது. ஏரியை மட்டும் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அதனால் பயனில்லை என்றும் சொல்லக் கூடாது. உங்கள் அட்டவணையில் கருந்திட்டுப் பத்தியில் பிடிஇ10ஏ குறைவாகத் தெரிந்தால், "இந்த நொதிக்குக் கருந்திட்டில் வேலையில்லை" என்று எழுதுவது அந்தத் தவறுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கமும் உண்டு. கால்சியத்தால் முடுக்கப்படும் கைனேஸான கேம்கே2இன் ஆல்ஃபா துணையலகைத் தருவது கேம்கே2ஏ மரபணு. அதன் தூது ஆர்என்ஏ உயிரணு உடலில் தங்காமல் நரம்பணுவின் கிளைகளான டெண்ட்ரைட்டுகளுக்குள் பயணம் செய்து, அங்கேயே நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ்களுக்கு அருகில் புரதமாகிறது. ஹிப்போகேம்பஸ் சீவலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். உயிரணு உடல்கள் அடுக்கி நிற்கும் வரிசையோடு, அதற்கு மேலும் கீழும் உள்ள டெண்ட்ரைட் அடுக்குகளும் சாயமேறியிருக்கும். பீட்டா துணையலகுக்கான கேம்கே2பி அப்படிப் பயணிப்பதில்லை. இந்தக் கேம்கே2 நொதி எவ்வளவு இருக்கிறது தெரியுமா? எலியின் ஹிப்போகேம்பஸில் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு. ஒரு நொதிக்கு இது மலைக்க வைக்கும் அளவு. வினையூக்கியாக மட்டும் இருக்கத் தேவையானதைவிட மிக அதிகம். சினாப்ஸின் கட்டுமானத்திலும் அதற்குப் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருத இதுவும் ஒரு காரணம்.

கேம்கே2தான் சிறுமூளைக்குள் போகவும் சரியான வாசல். முன்மூளையில் ஆல்ஃபா, பீட்டா துணையலகுகள் ஏறத்தாழ 3க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. சிறுமூளையில் அது 1க்கு 4 என்று தலைகீழாகிறது. எலியில் 1980களிலேயே அளந்துவிட்டார்கள். உங்கள் படத்தில் சிறுமூளை ஏன் ஒதுங்கி நிற்கிறது என்பதற்கும் விடை இதே திசையில்தான். மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நுண்மணி நரம்பணுக்கள். பெருமூளைப் புறணியில் 1,600 கோடிதான். சிறுமூளைத் துண்டை அரைத்தால் கிடைப்பது அநேகமாக நுண்மணி நரம்பணுவின் கையெழுத்தே. அதில் பீட்டா உண்டு, ஆல்ஃபா இல்லை. ஆல்ஃபா இருக்கும் பர்கின்ஜி நரம்பணுக்கள் அந்தக் கடலில் ஒரு துளி.

இதனால் வரும் ஆபத்துக்குப் பிஆர்கேசிஜி மரபணு நல்ல எடுத்துக்காட்டு. புரதக் கைனேஸ் சியின் காமா வகையைத் தருவது இது. பர்கின்ஜி நரம்பணுக்களில் மிகச் செறிவாக இருக்கிறது. இதில் பிறழ்வு வந்தால் முதுகுத்தண்டு-சிறுமூளைத் தள்ளாட்ட நோயின் 14ஆம் வகை வருகிறது, 2003இல் தெரியவந்தது. நடை தடுமாறுகிறது, சிறுமூளை சுருங்குகிறது. ஆனால் இதே மரபணு ஹிப்போகேம்பஸிலும் பெருமூளைப் புறணியிலும்கூட வலுவாக வெளிப்படுகிறது. அரைத்த திசுவின் எண்ணில், பர்கின்ஜியின் உயர்ந்த அளவு நுண்மணி நரம்பணுக்களின் கூட்டத்தில் நீர்த்துவிடும். எண்ணை மட்டும் நம்பியவர் நோய் எங்கே தாக்கும் என்பதை ஊகித்திருக்க முடியாது.

எல்ஆர்ஆர்கே2 இன்னும் கடுமையான பாடம். பார்க்கின்சன் நோயில் பரம்பரையாக வரும் காரணங்களில் மிகப் பரவலாக அறியப்பட்ட கைனேஸ் இதுதான். அந்த நோயில் மடிபவை கருந்திட்டின் டோபமைன் நரம்பணுக்கள். ஆனால் மூளையில் இது நன்றாக வெளிப்படும் இடங்கள் ஸ்ட்ரயேட்டமும் புறணியும். மடியும் நரம்பணுக்களில் அளவு குறைவு. மூளைக்கு வெளியே நுரையீரல், சிறுநீரகம், எதிர்ப்பு உயிரணுக்கள் என்று தாராளமாக இருக்கிறது. நோய் டோபமைன் நரம்பணுவின் உள்ளேயே தொடங்குகிறதா, அது போய்ச் சேரும் ஸ்ட்ரயேட்டத்திலிருந்து திரும்பி வருகிறதா, எதிர்ப்பு உயிரணுக்களின் பங்கு எவ்வளவு என்று இன்றும் விவாதம் நடக்கிறது. "எங்கே அதிகமோ அங்கே முக்கியம்" என்ற வாக்கியத்தை இந்த ஒரு மரபணு போதும், மடக்கிவிட.

சிறிய இடங்கள் எந்த அட்டவணையிலும் வராமல் போவதும் உண்டு. பிடிஇ4 நொதிகளைத் தடுக்கும் ரோலிப்ராம் மனச்சோர்வுக்கு மருந்தாக முயலப்பட்டபோது, குமட்டலும் வாந்தியும் அதை வீழ்த்தின. மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் ஏரியா போஸ்ட்ரீமா என்ற மிகச் சிறிய திட்டில் பிடிஇ4டி இருக்கிறது. உங்கள் பத்திகளில் அதற்கு இடமே இல்லை. அமிக்டலாவில், புரதக் கைனேஸ் சியின் டெல்டா வகையைத் தரும் பிஆர்கேசிடியும் அப்படித்தான்: சுண்டெலியின் மைய அமிக்டலாவில் அதைத் தாங்கிய ஒரு சிறு நரம்பணுக் கூட்டம், அச்சத்தின் சுற்றுவழியை அடக்குவதில் பங்கேற்கிறது என்று 2010இல் காட்டினார்கள். முழு அமிக்டலாவை அரைத்தால் அது தெரியாது. ஹிப்போகேம்பஸில் பிடிஇ11ஏ வயிற்றுப்புறப் பாதியில் செறிந்து, முதுகுப்புறப் பாதியில் அநேகமாக இல்லாமல் போகிறது. ஹிப்போகேம்பஸ் என்று ஒரே பத்தி போட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தரவைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். மனிதத் திசுக்களின் மரபணு வெளிப்பாட்டைத் தொகுத்த ஜிடெக்ஸ் தரவுத்தளத்திலிருந்து எடுத்திருந்தால், புறணியும் சிறுமூளையும் இரண்டிரண்டு பத்திகளாக வந்திருக்கும். அவை உண்மையில் வேறு பகுதிகள் அல்ல. ஒரு தொகுதி இறந்தவரின் உடலிலிருந்து அங்கேயே எடுக்கப்பட்டது, மற்றது மூளை, மூளை வங்கிக்குப் போன பிறகு அங்கே வெட்டப்பட்டது. இரண்டையும் தனித்தனிச் சான்றாக எண்ணிவிடாதீர்கள். மாறாக, இரண்டு சிறுமூளைப் பத்திகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் உங்கள் கணக்கீட்டுக்கு நல்ல சோதனை கிடைக்கும். ஆலன் மனித மூளை வரைபடத்தை எடுத்திருந்தால், அது ஆறு பேரின் மூளை, அவர்களில் ஒருவர்தான் பெண். வலது அரைக்கோளம் இரண்டு மூளைகளில் மட்டுமே அளக்கப்பட்டிருக்கிறது. இடம், வலம் என்றோ ஆண், பெண் என்றோ எதையும் அதிலிருந்து எழுத முயல வேண்டாம். ஒரே மரபணுவை அளக்கும் பல ஆய்வுத்துண்டுகள் (புரோப்) அதில் இருக்கும். அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

சிவப்பு நீலம் பற்றியும் ஒரு சொல். நீங்கள் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே சீர்படுத்தி வண்ணம் கொடுத்திருப்பீர்கள், பெரும்பாலான மென்பொருள்கள் அப்படித்தான் செய்கின்றன. அப்போது எல்லாப் பகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் ஜிஎஸ்கே3பி போன்ற மரபணுவின் சிறு ஏற்ற இறக்கமும் பிடிஇ10ஏயின் பெரும் ஏற்றத்துக்குச் சமமான சிவப்பைப் பெறும். இது வாசகரை ஏமாற்றும் படம். சீர்படுத்தாத அளவுகளைப் பக்கத்திலேயே ஒரு பத்தியாகக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தூது ஆர்என்ஏவின் அளவு நொதியின் செயல்பாடு அல்ல. கேம்கே2 தன் மேலேயே ஒரு பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டால், கால்சியம் போன பிறகும் வேலையைத் தொடரும். மரபணுவின் வெளிப்பாடு துளியும் மாறாமலே செயல்பாடு பல மடங்கு மாறலாம். அதோடு, மனிதத் திசு எல்லாமே இறப்புக்குப் பிறகு எடுக்கப்பட்டது. இறக்கும் தறுவாயில் ஆக்ஸிஜன் குறைந்த நேரம், திசுவின் பிஎச் அளவு, ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது ஆகியவை எண்களை அசைக்கும்.

உயிரணு வாரியாகப் பார்க்க இப்போது வழி இருக்கிறது. 2023 அக்டோபரில் வெளியான மனித மூளை உயிரணு வரைபடம், மூளையின் சுமார் 100 இடங்களிலிருந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரணு உட்கருக்களைத் தனித்தனியே அளந்திருக்கிறது. இலவசமாகத் திறந்து பார்க்கலாம். உங்கள் படத்தில் ஒரே பகுதியில் சிவந்த ஒவ்வொரு மரபணுவையும் அங்கே தேடி, எந்த உயிரணு வகை என்று எழுதி வையுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். ஆய்வேட்டின் தரம் வேறாகிவிடும்.

நம் ஊரிலும் மூளை வரைபட வேலை நடக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் தரணி என்ற தொகுப்பை வெளியிட்டது. கருவில் வளரும் மனித மூளையின் 5,132 சீவல்களை மிக நுண்ணிய தெளிவில் எண்மப் படமாக்கி, எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் மும்மாதக் கருவின் மூளை. அது உயிரணு அமைப்பைக் காட்டும் வரைபடம், உங்கள் நொதிகளின் வெளிப்பாட்டை அங்கே தேட முடியாது. ஆனால் "பகுதி" என்று நீங்கள் அட்டவணையில் எழுதும் சொல் திசுவில் எப்படி இருக்கிறது என்று கண்ணுக்குப் பழக்கப்படுத்த அதைவிட நல்ல இடம் அருகில் இல்லை. கிண்டிக்குப் பஸ் ஏறக்கூடிய தூரத்தில் இப்படி ஒன்று உருவாகியிருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆய்வகத்தில் எலி மூளையை நீங்களே வெட்டி, பிசிஆர் வழியாக அளக்கும் எண்ணம் இருந்தால், பிடிஇ10ஏயையும் பிபிபி1ஆர்1பியையும் எப்படியும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வி வேறு நொதியைப் பற்றியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஹிப்போகேம்பஸ் என்று பெயரிட்ட குழாயில் இவை இரண்டும் எக்கச்சக்கமாக வந்தால், வெட்டும்போது ஸ்ட்ரயேட்டம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். அந்த மாதிரியை ஒதுக்கிவிடலாம். மே மாதச் சென்னையில் திசுவை மேசைமேல் வைத்துக்கொண்டு யோசிக்க நேரமில்லை. உலர்பனிக்கட்டியை முதலில் வரவழைத்துவிட்டு, குழாய்களில் பெயர் எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகே மூளையை வெளியே எடுங்கள்.

ஆய்வேட்டைப் பொறுத்தவரை என் யோசனை: எடுத்த மரபணுக்கள் எல்லாவற்றையும் பற்றி இரண்டிரண்டு வரி எழுதுவதைவிட, ஸ்ட்ரயேட்டத்தில் சேர்ந்து நிற்கும் ஏடிசிஒய்5, பிடிஇ10ஏ, பிடிஇ1பி, பிடிபிஎன்5 ஆகிய நான்கையும் மைய அத்தியாயமாக்குங்கள். எதிர்ச்சான்றாகப் பிஆர்கேசிஜியையும் எல்ஆர்ஆர்கே2ஐயும் வையுங்கள். மற்றவை பின்னிணைப்பில் இருக்கட்டும். "ஸ்ட்ரயேட்டத்தில் பிடிஇ10ஏ முக்கியமானது" என்பதற்குப் பதில், "ஸ்ட்ரயேட்டத்தின் நடுத்தர முள் நரம்பணுக்களில், டி1, டி2 இரு கூட்டங்களிலும் பிடிஇ10ஏயின் தூது ஆர்என்ஏ செறிந்திருக்கிறது, அதன் புரதம் அவற்றின் ஆக்ஸான் முனைகளிலும் காணப்படுகிறது" என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் அதில் எந்தச் சொல்லையும் தேர்வாளர் அசைக்க முடியாது. சீர்படுத்தாத அளவுகளோடு படத்தைப் புதிதாகப் போட்ட பிறகு, சிறுமூளைப் பத்தியில் ஏதாவது புரியாமல் இருந்தால் மரபணுவின் பெயரோடு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.